பந்து மேனேஜரும் என் பாதமும்

எங்கள் வீட்டு முன்னறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு மரத்துண்டு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். பாதத்தின் வடிவம். விரல்களைத் தனித்தனியாகச் செதுக்காமல் முன்பக்கத்தை ஒரே வளைவாக விட்டிருக்கும். நீளம் பதினோரு அங்குலமும், ஆசாரி கணக்கில் அரை நூலும். திருப்பிப் பார்த்தால் கறுப்பு மையில் ஜப்பானிய எழுத்து ஒன்றின் பாதி தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கியதா என்று கேட்பார்கள். "அது இவரு காலு. ஜப்பான்காரரு அளவெடுத்தது" என்று சொல்லிவிட்டு என் மனைவி காபி போட உள்ளே போய்விடுவாள். மீதியை விளக்கும் பொறுப்பு என் தலையில் விழும். இதுவரை யாருக்கும் முழுதாக விளக்கி முடித்ததில்லை. அதற்குள் காபி வந்துவிடும். இன்றைக்குக் காபி இல்லாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு ஸ்டோர்ஸ் குமாஸ்தா வேலை. வேலை தற்காலிகம், கிடைத்த காரணமோ கால்பந்து. மில் முதலாளிக்குப் பஞ்சுக்கு அடுத்தபடியாகப் பந்தின் மேல்தான் பிரியம். சேலம் டவுனில் எங்கள் பங்குச் சாமியார் எனக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தார். "எங்கள் பங்கின் குழுவில் மூன்று ஆண்டுகள் கோலில் நின்றவன்" என்று அதில் எழுதியிருந்தார். நின்றேன் என்பது சத்தியம். ஓட வராது, உயரம் உண்டு, பாதம் பெரிது. இப்படிப்பட்டவனை வேறெங்கே நிறுத்துவார்கள்? நின்றவன் பந்தைப் பிடித்தானா என்பது பற்றிச் சாமியார் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பொய்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர் அவர். முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வட்டாரத்து மில்லுக்கெல்லாம் ஒரு கோப்பை இருக்குது தம்பி. அதை இங்க கொண்டா, பெர்மனெண்ட் ஆர்டரை வாங்கிட்டுப் போ" என்றார். அப்பா அந்த ஆண்டுதான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஆத்தூரில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், பெர்மனெண்ட் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் கல்யாண ஓலை எழுதுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆக, என் குடும்பத்தின் எதிர்காலம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, வெறுங்காலுடன், செம்மண்ணில் நின்றுகொண்டிருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், நான் நன்றாக ஆடினேன். எங்கள் மில் மைதானத்தில் முதல் ஆறு ஆட்டத்தில் நான் விட்ட கோல் ஒன்றே ஒன்று. எதிரணிக்காரர்கள் ஓங்கி அடிப்பார்கள். பந்து கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போகும். "பையன் நிக்கிற நிப்பைப் பார்த்தே பந்து பயந்துக்குதுங்க" என்று பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங் பகுதி மேஸ்திரி சொன்னதை நான் நம்பத் தொடங்கியிருந்தேன். வெளியூருக்குப் போனால் மட்டும் நிலைமை வேறு. நாமகிரிப்பேட்டையில் நாலு கோல் வாங்கினேன். மஞ்சள் வேகவைக்கும் புகை கண்ணில் பட்டுவிட்டதாகச் சொன்னேன். சேலத்தில் ஐந்து; தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நான் பிறந்து வளர்ந்து குடித்த தண்ணீரே அதுதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை, முதலில் எனக்கே உறைக்கவில்லை.

இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் மனசு கேட்காமல் ஸ்டோர்ஸிலிருந்த அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கோலுக்குக் குறுக்களவு இருபத்துநாலு அடி என்று விதி. எங்கள் கோல் இருபத்திரண்டு. எதிர்ப்பக்கத்துக் கோலும் இருபத்திரண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் இதைச் செய்தவர் மில் ஆசாரி. ஜாடைமாடையாக அவரிடம் விசாரித்தபோது, "அதெல்லாம் பார்த்துத்தானுங்க வெச்சிருக்குது" என்று கர்வத்தோடு சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டார். நான் டேப்பைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். வாயையும் அதோடு வைத்துப் பூட்டினேன். இரண்டு பக்கமும் அதே அளவு, ஆகவே அநியாயம் இல்லை என்று ஒரு வாதம் தயாரித்து வைத்துக்கொண்டேன். நல்ல வாதம்தான். தினமும் காலையில் ஒருமுறை, பல் துலக்கும்போது, அதை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் அதிலிருந்த ஒரே குறை.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். மில்லுக்கு ஜப்பானிலிருந்து புது ரிங் ஃப்ரேம்கள் வந்தன, நூல் நூற்கும் பெரிய இயந்திரங்கள். அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்காக இயந்திரக் கம்பெனி அனுப்பியவர். நாற்பது வயதிருக்கும், உயரம் நடுத்தரம், தோள் மட்டும் கதவகலம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டில் தங்கவைத்திருந்தார்கள். காலையில் ஜீப்பில் வருவார். ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை, எங்களுக்கும் அரைகுறை என்பதால் சண்டையில்லாமல் போயிற்று. தமிழை அவர் ஆசாரியிடமும் ஃபிட்டர்களிடமும் கற்றுக்கொண்டார்; அதனால் எல்லாவற்றுக்கும் மரியாதை போட்டார். ஸ்பேனர் கீழே விழுந்தால், "விழுந்துட்டாருங்க" என்பார். தன் ஊரில் கம்பெனி அணிக்குப் பதினோரு ஆண்டு கோல்கீப்பராக இருந்து, பிறகு அதே அணிக்கு மேனேஜர் ஆனவர் என்று, வந்து இரண்டு மாதம் கழித்துத் தெரிந்ததும் முதலாளி ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லை. இயந்திரம் ஓடும்வரை அவர்தான் எங்கள் அணிக்கும் மேனேஜர் என்று அறிவித்துவிட்டார். மில்லில் ஏற்கெனவே ஒரு மேனேஜர் இருந்தார், கோட்டும் கோபமுமாக. குழப்பம் வரக் கூடாதென்று இவரைப் பந்து மேனேஜர் என்று அழைக்க ஆரம்பித்தோம். கோட்டு மேனேஜர் இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. அந்த இரண்டு வாரம் மில்லில் உற்பத்தி நன்றாக இருந்தது.

பந்து மேனேஜர் முதல் நாள் மாலை மைதானத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என்னை நகரச் சொல்லிவிட்டு, கோலின் நடுவில் நின்றார். வலது பக்கம் பந்தடிக்கச் சொன்னார். பாய்ந்து பிடித்தார். இடது பக்கம் அடிக்கச் சொன்னார். பாய்ந்தார், பந்தைப் பிடித்த கையோடு தோள் கம்பத்தில் போய் 'டங்' என்று மோதியது. எல்லோரும் ஓடினார்கள். அவருக்கு வலி இருந்ததாகத் தெரியவில்லை; ஏதோ யோசனை இருந்தது. பதினோரு ஆண்டில் அந்தத் தோள் ஒருமுறைகூடக் கம்பத்தில் மோதியதில்லை என்று பிற்பாடு சொன்னார். எழுந்து கம்பத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "மழை வருமுங்களா?" என்று கேட்டார். "வராதுங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் மாலை, இடது கம்பத்துக்கு வெளியே இரண்டடி தள்ளி நூல்கதிர் அள்ளும் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். கம்பத்துக்கும் கூடைக்கும் நடுவே போகும் பந்தும் கோல் கணக்குத்தான் என்றார். அணியில் எல்லோரும் இது ஜப்பான் முறை என்று வியந்தார்கள். நான் மட்டும் வியக்கவில்லை. சரியாக இரண்டடி! அன்று பயிற்சியில் ஒன்பது கோல் வாங்கினேன். ஒன்பதும் அந்தக் கூடைப் பக்கம்.

ஒரு வாரம் கழித்து என்னை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு மரப்பட்டறைக்குப் போனார். ஆசாரியிடம், கோலுக்கு ஏன் இருபத்திரண்டு வைத்தீர்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆசாரிக்கு மறைக்க எதுவும் இல்லை. வேட்டியில் மரத்தூளைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருபத்துநாலு ஆகாதுங்க சாமி. மனையடி சாஸ்திரத்துல இருபத்துநாலுக்கு வயசு குன்றுமுன்னு இருக்குதுங்க. இருபத்திரண்டு வெச்சா எதிரி அஞ்சுவானுங்க. பந்தாட்டத்துக்கு வேறென்னங்க வேணும்?"

"அது ஊட்டுக்குத்தானுங்களே?" என்றேன் நான்.

"உள்ளுக்குள்ள ஒருத்தன் நாளெல்லாம் நிக்கிறானே, அப்ப அது ஊடு இல்லாம மாட்டுக்கொட்டாயா? வேதக்காரப் பையனா இருந்தா என்ன கண்ணு, உசுரு உசுருதானே. உனக்காகத்தான் சாமி குறைச்சேன்."

நான் என் வேலைக்காக மறைத்த இரண்டடியை, அவர் என் ஆயுசுக்காகக் குறைத்திருந்தார். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "இருபத்துநாலு வைத்தால் கோல்கீப்பர் செத்துப்போவான்" என்று மொழிபெயர்த்தேன். பந்து மேனேஜர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த மரத்தூளைக் கையால் பரப்பி, விரலால் ஒரு மூலைமட்டம் வரைந்தார். தன் அப்பாவும் ஆசாரி என்றார். அவர்கள் ஊர் மூலைமட்டத்தின் பின்பக்கத்தில் வாசலுக்கு நல்ல அளவு எது, கெட்ட அளவு எது என்று குறித்திருக்குமாம். கெட்ட அளவில் வாசல் வைத்தால் அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விடுவாராம். ஆசாரி அந்த மரத்தூள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாரு, அங்கயும் தெரிஞ்சவங்க இருக்கறாங்க" என்றார் என்னிடம், இங்கே தெரியாதவன் நான் ஒருவன்தான் என்ற தோரணையில். பிறகு கேட்காமலேயே இருபதிலிருந்து முப்பது வரை எந்த அளவுக்கு என்ன பலன் என்று ஒப்பித்தார். பந்து மேனேஜர் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டார். "நாளைக்குங்க" என்று எழுந்தார்.

அன்று மாலை பயிற்சி முடிந்த பிறகு அவர் கோலுக்குள் குந்தி உட்கார்ந்து, செம்மண்ணில் பதிந்திருந்த என் காலடித் தடத்தின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிற்கிற அழகை ஆராய்கிறார் என்று நினைத்து அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

மறுநாள் ஆசாரியிடம் ஒரே கேள்வி கேட்டார். தமிழிலேயே கேட்டார். "அடிங்கறது யாரு அடிங்க?"

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். "எங்கப்பாரு காலத்துல மனைக்காரரு பாதத்தைத்தானுங்க அளவு வெப்பாங்க. இஸ்கேலு இப்ப வந்ததுதானுங்க" என்றார், ஏதோ திருட்டில் பிடிபட்டவர்போல. "இந்த ஊட்டுக்கு மனைக்காரரு..." என்று இழுத்துக்கொண்டே என் காலைப் பார்த்தார். பந்து மேனேஜரும் பார்த்தார். என் வாழ்க்கையில் என் பாதத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் அவ்வளவு மரியாதையோடு பார்த்தது அன்றுதான்.

இயந்திரம் வந்த பெட்டியின் பலகை ஒன்றைக் கீழே போட்டு, அதன் மேல் என் வலது காலை வைக்கச் சொன்னார் ஆசாரி. காதிலிருந்த பென்சிலால் சுற்றி வரைந்து, அறுத்து, இழைத்தார். அதுதான் இந்த மரத்துண்டு. அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். பந்து மேனேஜர் இருபத்துநாலு அடிக்கு டேப்பை இழுத்துப் பிடித்தார். ஆசாரி வலது கம்பத்திலிருந்து ஆரம்பித்து, மரப்பாதத்தை அது முடிந்த இடத்திலிருந்து மறுபடி மறுபடி வைத்து எண்ணிக்கொண்டே போனார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் கூடிவிட்டார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநாலு. அந்த எண்ணில் ஆசாரி வேகமாக நகர்ந்தார். இருபத்தைந்து. இருபத்தாறு. மரப்பாதத்தின் நுனியும் டேப்பின் இருபத்துநாலாவது அடியும் ஒன்றாக நின்றன. அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை.

"இருபத்தாறு!" ஆசாரிக்கு முகமெல்லாம் பல். "இந்திரனாட்ட வாழ்வானுங்க! நடுங்கப்பா கம்பத்தை!"

முதலாளியிடம், இயந்திரங்களைப்போலக் கோலையும் பிரித்துப் பூட்ட வேண்டும் என்று மட்டும் பந்து மேனேஜர் சொன்னார். அவர் எதை அவிழ்த்தாலும் ஓடவைக்கத்தான் அவிழ்க்கிறார் என்பது மில்லில் நிலைத்துவிட்ட நம்பிக்கை. முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. இடது கம்பத்தை இரண்டடி தள்ளி நட்டு, மேல் மரத்துக்குப் பெட்டிப் பலகையால் ஒட்டுப் போட்டார்கள். எதிர்ப்பக்கத்துக் கோலுக்கும் அப்படியே. ஆசாரியின் மேல் பழி வரவில்லை. என் மேலும் வரவில்லை. இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது.

பழி வராததுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் ரிங் ஃப்ரேம் பகுதிக்குப் போனேன். அவர் ஒரு இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. முகம் தெரியாதது பாவசங்கீர்த்தனத்துக்கு வசதி. எங்கள் கோவிலிலும் நடுவில் ஒரு தட்டி உண்டு. குனிந்து, கோல் குறைவு என்பது எனக்கு முன்னமே தெரியும் என்று சொன்னேன்.

"தெரியுமுங்க" என்று பதில் வந்தது.

எப்படி என்றேன். வந்த முதல் வாரம் ஸ்டோர்ஸில் அளவு டேப்பை வாங்கினாராம். மில் டேப்புக்குள் பஞ்சு இருக்கலாம், எண்ணெய் இருக்கலாம். செம்மண் எப்படி இருக்கும்? அப்போதே நினைத்துக்கொண்டாராம், இந்த ஆள் எதையோ வெளியில் போய் அளந்திருக்கிறான் என்று. கம்பத்தில் தோள் மோதியதும் எதை என்று புரிந்துவிட்டது. வெளியே வந்து எழுந்து உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, தமிழும் ஆங்கிலமும் கையுமாக அவர் தன் கதையைச் சொன்னார். பதினோரு ஆண்டு கோலில் நின்றபோது ஆட்டமுள்ள நாட்களில் அவர் மத்தியானச் சோறு சாப்பிட்டதே இல்லையாம். பயம். பந்தைப் பார்த்து அல்ல, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து. ஒருநாள் அவருடைய மேனேஜர் கூப்பிட்டு, இனி நீ கோலில் நிற்க வேண்டாம், என் பக்கத்தில் வந்து உட்கார் என்றாராம். எல்லோரும் அவர் அழுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் போய் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாராம். "நல்லா இருந்தாருங்க சோறு" என்றார். "நீங்க சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த டேப்பைச் சுருட்டிய நாளிலிருந்து நான் எதையும் ருசித்துச் சாப்பிட்டதாக நினைவில்லை.

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. எதிரணி சேலம் டவுன் மில். சொந்த மைதானத்தில் முழுக் கோலில் நான் நின்ற முதல் பந்தயம் அது. முதல் பாதியில் என்னால் முடிந்ததைத் தடுத்தேன். என்னால் முடியாதவற்றை அவர்களே வெளியே அடித்து உதவினார்கள். இரண்டாம் பாதியில் அவர்களுடைய வலப்பக்கத்து ஆள் ஓடிவந்து அடித்தான். பந்து என் இடது பக்கம் தாழ்வாக வந்தது. பாய்ந்தேன். பழைய கோலாக இருந்தால் பந்து கம்பத்துக்கு வெளியே போயிருக்கும், கார்டிங் மேஸ்திரி என் நிப்பைப் புகழ்ந்திருப்பார். இப்போது அது அந்த இரண்டடிக்குள், கூடை இருந்த இடத்தின் வழியே, அவசரமில்லாமல் உள்ளே போயிற்று. நான் முகம் மண்ணில் பட விழுந்து கிடந்தேன். ஆட்டம் அந்த ஒரே கோலில் முடிந்தது. எழுந்தபோது அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பசித்தது.

முதலாளி நேராக என்னிடம் வந்தார். பின்னால் பந்து மேனேஜர், ஆசாரி, பாதி மில். "இவனை என்னங்க பண்றது?" என்று பந்து மேனேஜரிடம் கேட்டார் முதலாளி. ஆத்தூர் என் கண்ணுக்கு வெகுதொலைவில் தெரிந்தது.

"கோலுக்கு வேண்டாமுங்க" என்றார் பந்து மேனேஜர்.

அவர் என் கையிலிருந்த மண்ணைத் தன் கைக்குட்டையால் தட்டிவிட்டார்.

"ஸ்டோருக்கு வேணுமுங்க. மூணு மாசம் கேட்டேன். ஒரு போல்ட்டுகூட மாத்திக் குடுக்கலீங்க. அளக்காம எதையும் குடுக்கமாட்டாருங்க."

முதலாளி என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அதைச் சொல்லக் கோப்பையைத் தோக்கணுமா? சரி போ. திங்கக்கிழமை ஆபீசுல ஆர்டரை வாங்கிக்க. பந்துப் பக்கம் உன்னைப் பார்த்தேன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்" என்றார்.

"காலை ஒண்ணும் பண்ணீராதீங்க, அது அளவுகோலுங்க" என்றார் ஆசாரி பதறிப்போய்.

ஜெயிப்போம் என்ற நம்பிக்கையில் கேண்டீனில் கறிச்சோறு ஆக்கி வைத்திருந்தார்கள். அணியில் மற்றவர்கள் துக்கத்தில் இலையைத் தொடவில்லை. நான் மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டேன். எதிரே பந்து மேனேஜர் உட்கார்ந்து, என் இலையில் சோறு தீரும்போதெல்லாம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் எல்லா இயந்திரமும் ஓடியதும் ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு கார்டிங்கிலிருந்து ஒரு நல்ல பையனைக் கோலில் நிறுத்தினோம். அவனை நிறுத்தியவன் நான்தான். 'பந்து மேனேஜர்' பட்டத்தை முதலாளியே எனக்குக் கொடுத்தார். காலை ஒடிப்பதாகச் சொன்னதை அவரும் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

சில ஆண்டுகள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில், கம்பெனி அணிக்கு இளைஞன் ஒருவனை மேனேஜராகப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். மேனேஜராக இருந்தபோது இடைவேளை வரை சாப்பிட முடியாது; இப்போது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, ஆட்டம் தொடங்கும்போதே சோற்றுப் பெட்டியைத் திறந்துவிடுகிறாராம். அந்த மனிதர் கோலிலிருந்து பெஞ்சுக்கும், பெஞ்சிலிருந்து வேடிக்கைக்கும் படிப்படியாக உயர்ந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

போன வாரம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கதவடியிலிருந்து மரத்துண்டை எடுத்துக் கீழே போட்டு வலது காலை வைத்துப் பார்த்தேன். ஸ்டோர்ஸில் நின்றே கழித்த இருபத்தைந்து வருஷத்தில் பாதம் பரந்துவிட்டது; கட்டை விரல் அரை அங்குலம் வெளியே நிற்கிறது. பழக்கதோஷம், காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். இப்போதைய என் பாதத்துக்கு அந்தக் கோல் இருபத்தைந்து அடிதான் வரும். இருபத்தைந்து ஆகவே ஆகாது. ஆசாரி ஒப்பித்தது இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளை, நான் அங்கே நிற்கவில்லை. மரத்துண்டைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.